தயிர்சாதம் கேட்கும் நாய்க்கு டிரை ஃபுட்: வாங்கும் முன்பும் வைக்கும்போதும்

கேள்வி: மூன்று வயது நாட்டு நாய், 14 கிலோ, கருத்தடை ஆனது. ஐந்து வாரங்களுக்கு முன் காப்பகத்திலிருந்து தத்தெடுத்தோம். அங்கே கோழிக்கால் போட்டு வேகவைத்த சோறுதான் சாப்பாடு. நாங்கள் தள்ளுபடியில் 10 கிலோ டிரை ஃபுட் வாங்கிவிட்டோம். முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. கறி கலந்தால் கறியை மட்டும் பொறுக்கித் தின்கிறது. பட்டினி போட மனம் வரவில்லை.

பதில்: கறியைத் தின்கிறது என்றால் பசி இருக்கிறது. அதனால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மெத்தென்று இருப்பதைத் தின்று, கடினமானதை வாயில் எடுத்துக் கீழே போட்டால் பல் உடைந்திருக்கலாம், ஈறு வீங்கியிருக்கலாம். உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு வெளுத்திருந்தாலோ, உடம்பில் உண்ணி இருந்தாலோ உணவு மாற்றத்தை ஒத்திவைத்து மருத்துவரிடம் போங்கள். உண்ணிக் காய்ச்சலிலும் பசி குறையும்.

வாய் நன்றாக இருந்தால், அடுத்து பார்க்க வேண்டியது நாய் நாள் முழுக்க வேறு என்ன தின்கிறது என்பது. 14 கிலோ எடையுள்ள, கருத்தடை ஆன வீட்டு நாய்க்கு ஒரு நாளைக்குத் தோராயமாக 700 முதல் 800 கிலோகலோரி போதும். குளுக்கோஸ் பிஸ்கட் ஒன்றில் சுமார் 20. காலையில் எட்டு பிஸ்கட், ஒரு டம்ளர் பால் என்றால் 280. அன்றைய தேவையில் மூன்றில் ஒரு பங்கு தட்டு வைக்கும் முன்பே முடிந்துவிட்டது. பிறகு அதற்கு ‘அடம்’ என்று பெயர் வைக்கிறோம். இடைத்தீனி எல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இந்த நாய்க்கு 80 கிலோகலோரி.

அளவையும் சரிபாருங்கள். 100 கிராமுக்கு 350 கிலோகலோரி உள்ள உலர் உணவு இதற்கு நாளைக்கு 200 முதல் 230 கிராம்தான் வேண்டும், இரண்டு வேளையாக. வெந்த சோறாக இருந்தால் அதே சக்திக்கு 600 கிராம் வரை வைக்க வேண்டும். சோற்றுத் தட்டு நிறைந்து பார்த்த கண்ணுக்கு இது கைப்பிடி அளவாகத் தெரியும். ‘இது எப்படிப் போதும்’ என்று இரண்டு மடங்கு வைப்பார்கள். பாதி மீதியானதும் நாய்க்குப் பிடிக்கவில்லை என்பார்கள். சமையலறைத் தராசில் ஒருமுறை எடைபோட்டு, ஒரு டம்ளரில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாற்றும் முறை. பழைய சாப்பாட்டை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். முதல் மூன்று நாள் உலர் உணவில் கால் பங்கு, அதாவது நாளைக்கு 55 கிராம் மட்டும். அதை மிக்ஸியில் ரவைப் பதத்துக்குப் பொடித்து, கோழி வெந்த தண்ணீரில் கலந்து, சோறு முக்கால் பங்கோடு பிசைந்து வையுங்கள். முழு மணியாக மேலே தூவினால் நாய் ஒதுக்கிவிடும். பொடி சோற்றில் ஒட்டிக்கொண்டால் ஒதுக்க வழியில்லை. கறியையும் இதேபோல் நாராக உதிர்த்துப் பிசைய வேண்டும். துண்டாகப் போட்டால் உங்கள் வீட்டில் இப்போது நடப்பதுதான் நடக்கும்.

அடுத்த மூன்று நாள் பாதிக்குப் பாதி, அதற்கடுத்த மூன்று நாள் முக்கால். இந்தக் கட்டத்தில் பொடிப்பதை நிறுத்தி முழு மணியாக ஊறவையுங்கள். மணி எவ்வளவோ அவ்வளவு வெதுவெதுப்பான தண்ணீர், 15 நிமிடம். மணிக்கட்டில் ஊற்றினால் சூடு தெரியாத பதம் போதும். அந்த இளஞ்சூட்டில்தான் மணியின் மேல் பூசிய கொழுப்பின் வாசனை எழும். நாய் முதலில் மூக்கால்தான் சாப்பிடுகிறது. முழு உலர் உணவுக்கு வந்தபின் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரைப் பாதியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் வாசனைக்கு ஒரு கரண்டி, பிறகு அதுவும் வேண்டாம். மலம் இளகினால் முந்தைய கட்டத்துக்குத் திரும்பி மூன்று நாள் நில்லுங்கள். மொத்தம் மூன்று வாரம் ஆனாலும் தவறில்லை.

கோழி வெந்த தண்ணீரில் உப்பு, மிளகாய் கூடாது. வெங்காயம், பூண்டு கூடவே கூடாது, அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும், வடிகட்டிவிடுங்கள். ஊறவைத்த உணவு நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது; மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

தட்டை 20 நிமிடம் வைத்து எடுத்துவிடுங்கள், அடுத்த வேளை வரை ஒன்றும் வேண்டாம். இங்கேதான் பெரும்பாலான வீடுகள் தோற்கின்றன. நாய் முகத்தைத் திருப்பிய ஐந்தாவது நிமிடம் ‘பாவம்’ என்று யாராவது ஈரலை வறுத்துக்கொண்டு வருவார்கள். காத்திருந்தால் ஈரல் வரும் என்ற பாடம் அன்றே முடிந்தது. வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேருக்கும் ஒரே விதி; பாட்டிக்கும்தான். அதற்காகப் பட்டினிப் போட்டி வேண்டாம். ஒரு நாள் முழுக்க எதையுமே தொடாவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள். குட்டியாக இருந்தால் அரை நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

தெருவில் வளர்ந்த நாய்களுக்குத் தட்டே பயமாக இருப்பதுண்டு. டைல்ஸ் தரையில் நகரும் எவர்சில்வர் கிண்ணம், கழுத்துப் பட்டையின் டாலர் அதில் மோதும் சத்தம், பின்னால் ஆள் நடமாட்டம் எல்லாம் சேர்ந்து விரட்டிவிடும். சாக்கு மேல் தட்டையான தட்டு, சுவரோரம், யாரும் எட்டிப் பார்க்காத இடம் என்று இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். கோடையில் காலை ஆறு மணிக்கும் இரவு எட்டுக்கும் வைத்தால் மதியத்தைவிட நன்றாகச் சாப்பிடும்.

தண்ணீரை மறக்க வேண்டாம். சோற்றில் பெரும்பகுதி தண்ணீர். உலர் உணவில் பத்தில் ஒரு பங்குதான். இந்த எடைக்கு நாளைக்கு 700 முதல் 850 மில்லி வரை குடிப்பது இயல்பு. அதிகம் குடிக்கிறதே என்று பயப்படாதீர்கள், கிண்ணத்தைக் காலியாக விடாதீர்கள்.

கேள்வி: பெரிய பை வாங்கினால் கிலோவுக்கு விலை குறைகிறது. கடையில் லூஸாகவும் எடைபோட்டுத் தருகிறார்கள். எது லாபம்?

பதில்: நாய் எதைத் தின்னும் என்று தெரியும்வரை கிடைப்பதில் மிகச் சிறிய பை. தின்ன மறுத்த 10 கிலோவில் தள்ளுபடி என்று எதுவும் இல்லை.

லூஸ் வேண்டாம். தயாரிப்பு மாதம், பேட்ச் எண் எதுவும் கைக்கு வராது; மூட்டை எப்போது பிரிந்தது என்று கடைக்காரருக்கே நினைவிருக்காது. மணியின் மேல் பூசிய கொழுப்பு காற்றுப் பட்டதும் கெட ஆரம்பிக்கும். பிரித்த பையை ஆறு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். நாளைக்கு 230 கிராம் என்றால் 3 கிலோ 13 நாள், 10 கிலோ 43 நாள். ஆக, ஒரே ஒரு நடுத்தர நாய் உள்ள வீட்டுக்கு 10 கிலோவே எல்லை; 20 கிலோ மூட்டையில் பாதி காறிப்போன பிறகுதான் தட்டுக்கு வரும்.

கிலோ விலையைவிட நாள் விலையைப் பாருங்கள். கிலோ 250 ரூபாய், 100 கிராமுக்கு 350 கிலோகலோரி என்றால் 230 கிராமுக்கு 57 ரூபாய் 50 காசு. கிலோ 300 ரூபாய், 400 கிலோகலோரி என்றால் 200 கிராம் போதும், 60 ரூபாய். கிலோவில் தெரிந்த 50 ரூபாய் வித்தியாசம் நாளில் இரண்டரை ரூபாயாகச் சுருங்கிவிட்டது. பையில் கலோரி எண் அச்சிடாத நிறுவனமாக இருந்தால் வாடிக்கையாளர் சேவை எண்ணில் கேளுங்கள். சொல்லாதவர்களிடம் வாங்க வேண்டியதில்லை.

நம் ஊரில் எந்த உலர் உணவையும் ‘பெடிகிரி’ என்றே கேட்கும் பழக்கம் உண்டு. கடைக்காரர் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுப்பார், அது குட்டிகளுக்கான பையாகவும் இருக்கும். ‘அடல்ட்’ என்று போட்டிருக்கிறதா, எல்லாச் சத்தும் அடங்கிய ‘கம்ப்ளீட்’ உணவா, கூடத் தொட்டுக்கொள்ள மட்டும் தரும் ‘காம்ப்ளிமென்டரி’ வகையா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: நான்கு மாதமாகச் சாப்பிட்ட அதே பிராண்டைப் புதுப் பை பிரித்ததிலிருந்து தொடவில்லை.

பதில்: நாயைச் சந்தேகப்படும் முன் பையை முகருங்கள். பழைய எண்ணெய்க் காறல் வாடை அடித்தாலோ, பூஞ்சை வாடை வந்தாலோ நிறுத்திவிடுங்கள். பூஞ்சை நச்சு கல்லீரலைக் கெடுக்கும், வெயிலில் காயவைத்தாலும் போகாது. நிறுவனம் சேர்மானத்தை மாற்றியிருக்கவும் கூடும். பழைய பையின் பின்பக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

பில், பேட்ச் எண், தேதி மூன்றையும் படம் எடுத்து, ஒரு பிடி உணவைக் காற்றுப் புகாத பையில் கட்டிவைத்துவிட்டுப் புகார் செய்யுங்கள். நிறுவனம் பதில் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பை வாங்கியதும் உணவைப் பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டிவிட்டு உறையை வீசிவிட்டால் இந்த ஆதாரம் எதுவும் மிஞ்சாது. அதைவிட, டப்பாவின் அடியில் தேங்கிய பழைய கொழுப்பு புதியதையும் கெடுக்கும். உறையோடு மடித்துக் கட்டி, மூடியுள்ள டின்னுக்குள் இறக்குங்கள். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து எடுத்து வைத்தால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: டிரை ஃபுட்தான் வேண்டுமா? அது பல்லைச் சுத்தம் செய்யும் என்கிறார்களே.

பதில்: சாதாரண உலர் உணவு பல்லைச் சுத்தம் செய்வதில்லை. நாய் ஒரு கடியில் உடைத்து விழுங்கிவிடும், பிரஷ்தான் வழி. உலர் உணவு கட்டாயமும் இல்லை. ஆனால் வெறும் சோறும் எலும்பில்லாத கறியும் வைத்தால் கால்சியம் போதாது. முழுக்க வீட்டுச் சமையல் என்றால் அளவுகளை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்கலாம். காலையில் உலர் உணவு 115 கிராம், இரவில் கறிச்சோறு என்று நிறுத்திக்கொண்டாலும் நாய்க்கு நல்லதே. அப்படியானால் 3 கிலோ பை 26 நாள் வரும்.