பித்தளைக் கோதும் பழைய குண்டும்: திருகோணமலையிலிருந்து கேள்வி பதில்

மூதூர்: மணலில் துருப்பிடித்த ஷெல் ஒன்று கிடக்கிறது. எடுத்து வந்து கழுவிப் பார்க்கலாமா?

தொடாதீர்கள். தூர நின்று இடத்தைக் குறித்துக்கொண்டு 119க்கு அடியுங்கள். குண்டின் செப்பு வளையத்தில் சரிந்த கோடுகள் இருந்தால் அது ஏற்கெனவே சுடப்பட்டது. குண்டை வெடிக்கவைக்கும் பொறியான பியூஸ் பலவும் குண்டு சுழன்று பறக்கும்போதுதான் ஆயத்தமாகும். ஆகவே சுட்டும் வெடிக்காமல் கிடக்கும் குண்டுதான் மிகவும் பயங்கரம்.

உப்புவெளி: அண்ணா, இது அப்பப்பா வைத்திருந்த ஓரடி நீளப் பித்தளைக் கோது, குண்டை ஏவும் மருந்து இருந்த வெற்று உறை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானம் சுட்டது என்பார். சரியா?

படம் அனுப்பியது நல்லது. அடியில் 40 என்ற எண், அகன்ற அம்புக்குறி, 1943 என்ற ஆண்டு மூன்றும் தெரிகின்றன. அம்பு பிரித்தானிய அரசின் முத்திரை. நீளம் 311 மி.மீ., அடியில் புடைத்த விளிம்பு. இது போபர்ஸ் விமான எதிர்ப்புப் பீரங்கியின் கோது. அடியின் நடுவில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் ஊசி குத்திய பள்ளம் இருக்கிறது, உள்ளேயும் வெறுமை. சுட்டு முடிந்த கோதுதான்.

உப்புவெளி: 1943 தொகுதி எண்ணாகவும் இருக்கலாமே? அப்பப்பா பொய் சொல்லமாட்டார்.

அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவேயில்லை, தம்பி. விமானத் தாக்குதலைக் கண்ணால் கண்டிருப்பார். கோது பிறகு கைக்கு வந்திருக்கும். ஆண்டை விட்டுவிட்டு நீளத்தையே பாருங்கள். ஜப்பானின் சீரோ போர்விமானத்தின் இறக்கையிலிருந்த 20 மி.மீ. பீரங்கியின் கோது வெறும் 72 மி.மீ. ஓரடிக் கோது அதற்குள் போகவே போகாது. 1944 தொடக்கத்தில் பிரித்தானியக் கீழைக் கடற்படை இங்கு திரும்பி வந்தது. இந்தக் கோது அந்தக் காலத்துக்குத்தான் பொருந்தும்.

சீனக்குடா: அப்படியென்றால் என்னிடமுள்ள 7.7 மி.மீ. கோதும் பிரித்தானியாவுடையதா?

இதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. ஜப்பான் கடற்படை விக்கர்ஸ், லூயிஸ் துப்பாக்கிகளைப் பார்த்துத் தன் 7.7 துப்பாக்கிகளைச் செய்தது. ரவையும் (தோட்டாவும்) பிரித்தானிய .303 அளவேதான். அளந்து பிரிக்க முடியாது. அடிப்பொறிப்பை மாவு தடவி, பக்கவெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். ஆனால் சுட்ட வெறுங்கோது என்றால் மட்டும். தலையில் குண்டு இருந்தால் கையில் எடுக்கவே வேண்டாம்.

கிண்ணியா: வலையில் இரும்பு உருண்டை வந்தது. ஒல்லாந்தர் காலமா?

துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உள்ளே மருந்து வைத்த குண்டாக இருக்கலாம், விலகி நின்று 119. துளையே இல்லாத திண்ம உருண்டை என்றால் வெயிலில் காயவிடாதீர்கள். கடலுப்பு ஊறிய வார்ப்பிரும்பு காய்ந்தால் பாளம் பாளமாக உதிரும். ஒரு வாளி நீரில் அமிழ்த்தி வைத்துவிட்டுத் தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். 1815 மார்ச் 2க்கு முந்தியது சட்டப்படி தொல்பொருள். கோணேசர் கோவிலுக்குப் போகும் கோட்டையை 1782இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் பிடித்தார். ஆகவே ஒல்லாந்தர் என்று எடுத்தவுடன் முடிவு கட்டவும் முடியாது.

நிலாவெளி: துருப்பிடித்த ஷெல்லை மண்ணெண்ணெயில் ஊறவைக்கலாமா?

மேலே மூதூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். 119.

திருக்கடலூர்: பக்கத்தில் துளை போட்ட ரவை என்றால் பயிற்சிக்கானது, பயமில்லைதானே?

துளை கோதுக்கு மட்டும்தான் சாட்சி. தலைக்குண்டுக்குள் மருந்தும், பின்னால் பறக்கும் பாதையைக் காட்ட வைத்த, எரியாத ஒளிர்மருந்தும் இருக்கலாம். யாரோ வீட்டில் துளைத்ததாகவும் இருக்கலாம். விற்றவர் சொல்லை நம்பி வாங்காதீர்கள்.

உப்புவெளி: விலை என்ன போகும்?

நான் விலை சொல்வதில்லை. பித்தளையை மட்டும் பளபளவென்று தேய்த்துவிடாதீர்கள், பொறிப்பு அழிந்துவிடும்.