காலையில் சீனி கூடினால் பூனைக்கு இன்சுலினைக் கூட்டலாமா?

கேள்வி: எங்கள் பூனைக்கு ஒன்பது வயது. சலரோகம் என்று கண்டறியப்பட்டு, ஒரு மாதமாகக் காலையும் மாலையும் இன்சுலின் ஏற்றி வருகிறோம். கிளினிக்குக்குக் கொண்டுபோனால் 380, 410 என்று காட்டுகிறது. வீட்டில் அம்மாவின் குளுக்கோமீற்றரில் பார்த்தால், காலை ஊசிக்கு முன்கூட 270ஐத் தாண்டுவதில்லை. எதை நம்புவது? காலை அளவு கூடிய நாளில் ஓர் அலகு கூட்டிப் போடலாமா? காதில் குத்தினால் பாதி நாள் இரத்தமே வருவதில்லை.
– வாசகி, இணுவில்

பதில்: இரண்டு அளவுகளும் பொய்யல்ல. கூடைக்குள் அடைபட்டு, ஓட்டோவில் குலுங்கி, நாய்கள் குரைக்கும் இடத்தில் காத்திருக்கும் பூனைக்குப் பயத்தினாலேயே இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறிவிடும். சலரோகமே இல்லாத பூனைக்குக்கூட இப்படி 300க்கு மேல் போவதுண்டு. மறுபுறம், அம்மாவின் கருவி மனித இரத்தத்துக்கென்று செய்யப்பட்டது. மனிதரில் குளுக்கோசின் கணிசமான பங்கு செங்குருதிக் கலங்களுக்குள் இருக்கிறது, பூனையிலோ அது பெரும்பாலும் வெளியே திரவவிழையத்திலேயே இருக்கிறது. அதனால் மனிதக் கருவி பூனையின் அளவைப் பெரும்பாலும் குறைத்தே காட்டும். ஆயினும் ஒரே கருவியைத் தொடர்ந்து பயன்படுத்தினால் ஏற்ற இறக்கத்தின் போக்கை அறிய அது போதும். அடுத்த முறை ஆய்வுகூடப் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும்போது அதிலேயே ஒரு துளியை உங்கள் கருவியிலும் வைத்துப் பார்த்தால், வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஓர் அலகு கூட்டலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். காலை ஊசிக்கு முந்திய நேரம், முதல் நாள் மாலை போட்ட மருந்தின் வேலை ஓய்ந்த நேரம்; அப்போது அளவு உயர்ந்திருப்பது இயல்பே. மருந்து போதுமா, மிஞ்சிவிட்டதா என்பதைச் சொல்வது நாளின் மிகத் தாழ்ந்த அளவுதான். அது பெரும்பாலும் ஊசி போட்டு நான்கிலிருந்து எட்டு மணித்தியாலத்துக்குள், நீங்கள் சமையலிலோ வேலையிலோ இருக்கும் நேரத்தில், யாரும் பார்க்காமல் வந்துபோகிறது. ஆகவே வீட்டில் நிற்கும் ஒரு நாளில், ஊசிக்கு முன் தொடங்கி இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாகப் பன்னிரண்டு மணித்தியாலம் பார்த்து, நேரத்தோடு கொப்பியில் எழுதுங்கள். தாழ்ந்த அளவு 80க்கும் 150க்கும் இடையில் நின்றால் நல்லது. 80க்குக் கீழே போனால் அடுத்த ஊசிக்கு முன் வைத்தியருடன் பேசுங்கள். 60க்குக் கீழே காட்டினால் உடனே உணவு வையுங்கள். பூனை தள்ளாடினாலோ வலிப்பு வந்தாலோ, விரலைக் கடிபடாமல் காத்துக்கொண்டு, ஈறில் சிறிது தேனைத் தடவிவிட்டு வைத்தியரிடம் ஓடுங்கள். உங்கள் கருவி குறைத்துக் காட்டக்கூடியதாயிற்றே என்று அப்போது கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இனிக் காதுக்கு வருவோம். இரத்தம் வராததற்குப் பெரும்பாலும் காது குளிர்ந்திருப்பதே காரணம். ஒரு சிறு துணிப்பையில் அரிசியைக் கட்டிச் சூடாக்கி, உங்கள் கன்னத்தில் வைத்துச் சூட்டைப் பார்த்தபின், காதுக்கு அரை நிமிடம் ஒத்தணம் கொடுங்கள். காதின் பின்புறத்தை வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தை ஒட்டி ஒரு மெல்லிய நரம்பு ஓடுவது தெரியும். குத்த வேண்டியது அந்த நரம்பையல்ல, அதற்கும் காதின் விளிம்புக்கும் இடைப்பட்ட இடத்தை. அங்கே வாசலினை மிக மெல்லியதாகப் பூசினால் துளி உரோமத்தில் பரவாமல் முத்துப்போல் நிற்கும். மறுபக்கம் பஞ்சை அணைத்துப் பிடித்துக் குத்துங்கள், இல்லாவிட்டால் ஊசி உங்கள் விரலுக்குத்தான் வரும். கடுகளவு துளி போதும், அளவுப் பட்டியின் நுனி தொட்டவுடன் தானே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அந்த இடத்தைச் சற்று அழுத்திப் பிடித்துவிட்டு, ஒரு சிறு துண்டு அவித்த மீன் கொடுங்கள். சில நாட்களில் பூனை தானாகவே வந்து உட்காரும். பட்டிப் போத்தலின் மூடியைத் திறந்தபடி விட வேண்டாம். நம்மூர் வெக்கையும் ஈரப்பதனும் பட்டிகளைக் கெடுத்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மாவும் இன்சுலின் போடுபவராயின், அவருடைய சிரிஞ்சைப் பூனைக்கு எடுக்க முன் மருந்துப் போத்தலின் பெயர்ச்சீட்டைப் பாருங்கள். மிருகங்களுக்கான சில இன்சுலின்கள் ஒரு மில்லிலீற்றருக்கு 40 அலகு கொண்டவை, மனிதருக்கானவை பெரும்பாலும் 100 அலகு. 40க்குரிய சிரிஞ்சில் 100இன் மருந்தை எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

பூனை சோறும் சூடை மீனும் தின்று வளர்ந்ததாயின், சோற்றைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். அது சரியே. வெறும் மீன் மட்டும் நிறைவான உணவாகாது என்பதால், பதிலாக எதைக் கொடுப்பது என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சோறு குறைந்தால் சீனியும் இறங்கும், இன்சுலின் தேவையும் இறங்கும்; சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாத நிலைகூட வருவதுண்டு. எனவே வைத்தியருக்குச் சொல்லாமல் உணவை மாற்ற வேண்டாம், மாற்றும் வாரத்தில் அந்தப் பன்னிரண்டு மணித்தியால அளவீட்டை மறுபடி செய்து, கொப்பியைக் கையில் கொண்டுபோங்கள். பூனையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாமா என்று முன்கூட்டிக் கேட்டும் பாருங்கள்.