ஜெஃப் ஸ்டவுட்லண்ட் யுனிவர்சிட்டி

அன்புள்ள அண்ணா,

ஒரு ரீல் பாத்தேன். ஜோர்டன் மைலாட்டான்னு ஒருத்தர், ஆஸ்திரேலியால ரக்பி ஆடிட்டிருந்தவர், அமெரிக்கன் ஃபுட்பால் ஒரு மேட்ச் கூட ஆடாம 21 வயசுல நேரா அமெரிக்காவோட பெரிய ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் போய் இப்ப கோடி கோடியா சம்பாதிக்கிறாராம். எனக்கு 25. கோயம்புத்தூர்ல லோன் கலெக்‌ஷன் கால் சென்டர்ல இருக்கேன், தினமும் திட்டு வாங்குறதுதான் வேலை. இத விட்டுட்டு 3டி அனிமேஷன் கத்துக்கலாம்னு ஆன்லைன்ல ஒரு கோர்ஸ் வாங்கிட்டேன். அவரால முடிஞ்சது என்னால முடியாதா? அப்புறம், ஹெல்மெட் போட்டுட்டு முட்டிக்கிற இந்த விளையாட்ட நீங்க எப்படிண்ணா பாக்குறீங்க? அவர் பாட்டும் பாடுவாராமே?

(பேர் போட வேண்டாம்னு கேட்ட வாசகர்)

தம்பி,

பாடுவார், நல்லாவே பாடுவார், டீம் லைன்மேனுங்க சேந்து கிறிஸ்துமஸ் ஆல்பமே போட்டாங்க. ஏன் பாக்குறேன்னா புடிச்சிருக்கு. அத விடு.

உன் லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே மைலாட்டா பத்திதான் மண்டைல ஓடிட்டிருந்துச்சு. ஞாயித்துக்கிழம ராத்திரி மேட்ச்ல ஒவ்வொரு ஆட்டக்காரரும் தன் பேரும் படிச்ச காலேஜும் சொல்வாங்க, அலபாமா, ஒஹாயோ ஸ்டேட்னு. இந்த ஆள் காலேஜ்ல ஆடவே இல்ல. அதனால "ஜெஃப் ஸ்டவுட்லண்ட் யுனிவர்சிட்டி"ன்னு சொல்வார். அப்படி ஒரு யுனிவர்சிட்டி உலகத்துல கெடையாது, பிலடெல்பியா ஈகிள்ஸ் டீம்ல அவருக்கு அஃபென்சிவ் லைன், அதாவது பந்து வெச்சிருக்கிற டீமோட முன்வரிசைல நின்னு எதிராளிய மறிக்கிற வேலை, சொல்லிக்குடுத்த கோச்சோட பேரு அது. 2013ல வந்த மனுசன், தலைமை கோச் மூணு பேர் மாறியும் அவர் அங்கயே இருந்தார். உன் ரீல்ல அந்தப் பேரு வந்துச்சா? வந்திருக்காது. வயலின் மியூசிக் வந்திருக்கும்.

"நேரா" போனாராம். என்னத்த நேரா? சிட்னி பேங்க்ஸ்டவுன்ல ஒரு சமோவா குடும்பத்துப் பையன், டீன் ஏஜ்லயே இதயத்துல ரெண்டு ஆபரேஷன், அப்புறம் சவுத் சிட்னி ராபிட்டோஸ்ங்கிற ரக்பி கிளப்போட 20 வயசுக்குட்பட்ட டீம், ஆறடி எட்டு அங்குலம், 150 கிலோவுக்கு மேல. வெளிநாட்டு ஆட்டக்காரங்களுக்கான பாத்வே திட்டத்துல புளோரிடாவுக்குப் போய் கொஞ்ச மாசம் ட்ரெய்னிங், 2018 டிராஃப்ட்ல, அதாவது டீம்கள் வரிசையா புது ஆட்டக்காரங்கள எடுக்குறதுல, கடைசி ரவுண்டு, 233ஆவது ஆளா எடுத்தாங்க. மொதல் ரெண்டு சீசன் ஒரு ரெகுலர் மேட்ச்ல கூட எறங்கல, நடுவுல முதுகு வேற போச்சு. 2019ல ஈகிள்ஸ் மொத ரவுண்டு சான்ஸையே செலவு பண்ணி ஆண்ட்ரே டில்லர்டுன்னு இன்னொரு பையன அதே லெஃப்ட் டாக்கிள், அதாவது முன்வரிசைல எடது ஓர எடத்துக்குக் கொண்டு வந்தாங்க, உன்ன நம்பி நாங்க இல்லப்பான்னு இதவிடத் தெளிவா எப்படிச் சொல்றது? 2020ல டில்லர்டுக்குக் கையில அடி, சீனியர் ஜேசன் பீட்டர்ஸுக்கும் கால்ல அடி, அப்பத்தான் அக்டோபர்ல சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிரா மைலாட்டா மொதத் தடவையா ஆட்ட ஆரம்பத்துலேந்தே எறங்குனார். 2021ல போட்டி போட்டு எடத்தப் புடிச்சு நாலு வருசத்துக்கு 64 மில்லியன் டாலர் ஒப்பந்தம். 2025 பிப்ரவரில கான்சாஸ் சிட்டிய 40-22ன்னு அடிச்சு சூப்பர் பௌல், அதாவது லீக் ஃபைனல், ஜெயிச்சாங்க. இந்தக் கடைசி ரெண்டு வரிதான் உன் ரீல்.

அந்த உக்காந்திருந்த ரெண்டு வருசந்தான் எனக்கு முக்கியம். ரக்பி லீக்ல பந்த வெச்சுக்கிட்டு முன்னாடி ஓடணும், பந்து இல்லாத ஆள மறிச்சா பெனால்ட்டி. இங்க லெஃப்ட் டாக்கிளுக்கு வேலையே பந்து இல்லாத ஆள மறிக்கிறதுதான், பந்து அவர் கைக்கு வர்றதே இல்லன்னு வெச்சுக்கோ. பாஸ் போடுறப்ப அதையும் பின்னாடி போய்க்கிட்டே செய்யணும். பந்த எறியுற ஆளான குவார்ட்டர்பேக் வலதுகைக்காரர்னா எறியத் திரும்புறப்ப எடது பக்கம் அவர் முதுகுக்குப் பின்னால போயிடும், அந்தப் பக்கத்துலேந்து 120 கிலோல ஒருத்தன் குதிரை மாதிரி பாஞ்சு வருவான். எடது கால பின்னாடி வெச்சு, வலது கால தரைய ஒட்டி இழுத்து, இடுப்ப எறக்கி, முதுகு மட்டும் நிமுந்து நிக்கணும். கைய முன்கூட்டியே நீட்டுனா தட்டி விட்டுட்டுப் போயிடுவான், லேட்டா நீட்டுனா உன்னையே தள்ளிக்கிட்டு குவார்ட்டர்பேக் மடியில விழுவான். எல்லாம் மூணு செகண்டுக்குள்ள. சின்ன வயசுலேந்து முன்னாடியே ஓடிப் பழகுன ஒடம்புக்கு இதுல எதுவும் தானா வராது, தப்பு பண்றவனுக்கு தன் இடுப்பு எவ்ளோ ஒசரத்துல நிக்குதுன்னு கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துல ஒருத்தர் நின்னு பாத்து, கத்தி, மறுபடி வைக்கச் சொல்லி, மறுபடி கத்தணும். அதுக்குப் பேருதான் யுனிவர்சிட்டி.

நான் ப்ரூஃப் பாக்கக் கத்துக்கிட்டது மதுரைல ஒரு பிரஸ்ல. மொதல்ல கைல பென்சிலே குடுக்கல, காப்பி ஹோல்டர் வேலை, மூலத்த நான் சத்தமாப் படிக்கணும், பெரியவர் ப்ரூஃப்ல திருத்துவார். என் கண்ணு வாய முந்திக்கிட்டு ஓடுச்சுன்னா டொக்குனு மேஜைல தட்டுவார். எப்படிக் கண்டுபுடிப்பாரோ, தல தூக்கிக் கூட பாக்க மாட்டார். நான் விட்ட எழுத்து அவருக்குக் காதுலயே கேக்கும். சனிக்கிழம சனிக்கிழம கூலியும் வாங்கிக் குடுப்பார், கத்துக்கிற பையனுக்கு என்ன சம்பளம்னு மொதலாளி மொனகுனாலும்.

இந்த ரீல் போடுறவனுங்க மேல எனக்குக் கோவம் இதுலதான். மைலாட்டா வேலைய விட்டுட்டு வீட்ல உக்காந்து வீடியோ பாத்துக் கத்துக்கல, அவருக்குச் சம்பளம் குடுத்து, சாப்பாடு போட்டு, முதுகுக்கு வைத்தியம் பாத்து ரெண்டு வருசம் கத்துக்க விட்டாங்க. அப்படியும் டீம்ல எடம் புடிக்க முடியாம ஊருக்குத் திரும்புனவங்க அந்தத் திட்டத்துல இருக்காங்க, அவங்களுக்கு ரீல் கெடையாது. உனக்கு யாருடா ரெண்டு வருசம் சோறு போடப்போறது? வீட்டுக்கு எவ்ளோ அனுப்புறேன்னு ஒரு வார்த்தை எழுதல, கோர்ஸுக்கு எவ்ளோ கட்டுனேன்னும் எழுதல. வீடியோவ நீ நிறுத்தலாம், அது உன்ன ஒரு தடவையாவது நிறுத்துமா?

கோவத்துல சொல்றேன், மனசுல வெச்சுக்காத. நாள் பூரா ஊரான் திட்டக் கேட்டுட்டு ராத்திரி எனக்கு இவ்ளோ மரியாதையா லெட்டர் எழுதியிருக்க, அது சின்ன விசயமில்ல. 25 ஒரு வயசே இல்ல.

வேலைய இப்போதைக்கு விடாத. ஒரு நாற்காலிய நீயா மாடல் பண்ணு, எவ்ளோ கேவலமா வந்தாலும் பரவால்ல. அதப் பாத்து இந்த எடம் தப்புன்னு கை வெச்சுச் சொல்ற ஆள் ஒருத்தரத் தேடு, ஸ்டுடியோல வேலை பாக்குற யாராச்சும். கெடச்சா எழுது. கெடைக்கலன்னாலும் எழுது, பீளமேட்டுல எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார், கொஞ்சம் சிடுமூஞ்சி, கேட்டுச் சொல்றேன்.