வைக்கோல் போரைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலியே தம்பி

அன்புள்ள அண்ணனுக்கு,

வடக்கு டகோட்டா பிஸ்மார்க்ல 11 வருஷமா இருக்கேன். இந்த வருஷம் குலுக்கல்ல எனக்கு எல்க், அதான் அந்தப் பெரிய மான், வேட்டை லைசென்ஸ் விழுந்திருக்கு. கூட வேலை பாக்குற நண்பரோட மாமா மெடோரா பக்கம் மாட்டுப் பண்ணை, அதான் ரான்ச், வச்சிருக்காரு, எங்க நிலத்துல வந்து சுட்டுக்கோன்னு சொல்லிட்டாரு. எனக்கு ஆசை. ஆனா வீட்டுல பாவம்ங்கிறா, ரெண்டு வாரமா சரியா பேச்சு இல்ல. இத்தனைக்கும் நாங்க கோழி, ஆடு எல்லாம் சாப்பிடறவங்கதான். அந்த பேட்லேண்ட்ஸ்ங்கிற கரட்டு மேட்டு பூமி மனுஷன் காலே படாத மாதிரி இருக்கு. பின்னால அமெரிக்க ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட் எல்லாத்தையும் உதறிட்டு வந்து கௌபாயா சுதந்திரமா வாழ்ந்த மண்ணு. ஒரு நாளாவது அப்படி இருந்து பாக்கணும். போகலாமா, வேண்டாமா? அகிம்சை பத்தி நல்ல புத்தகம் இருந்தாலும் சொல்லுங்க.

எஸ்., பிஸ்மார்க்

அன்புள்ள எஸ்.,

வேட்டை பாவமா இல்லையான்னு வர்ற கடிதத்துக்கெல்லாம் நான் பதில் போடறதில்ல தம்பி. உங்களுக்குப் போடறேன்னா அதுக்குக் காரணம் மெடோராங்கிற அந்த ஒரு பேர்தான். என் அக்கா பையன் டிக்கின்சன்ல வேலையா இருந்தப்ப ஒரு செப்டம்பர் கடைசில போய், மெடோராவுக்கு வடக்கே ஒரு ரான்ச்ல 9 நாள் தங்கியிருந்தேன். ஒரு மாசமா அந்த 9 நாளை எழுதணும்னு உக்கார்றதும் எந்திரிக்கிறதுமா இருக்கேன், இப்ப பாத்து உங்க கடிதம் வருது.

பாவக் கணக்கை முதல்லயே முடிச்சிடறேன். கடையில தோலுரிச்சு பிளாஸ்டிக் சுத்தி வச்ச கோழியை வாங்கற வீட்டுல இந்தப் பேச்சுக்கு என்ன இடம்னு எனக்குத் தெரியல, ஆனா அதை உங்க வீட்டம்மாகிட்ட நான் சொல்ல முடியாது, நீங்களும் சொல்லிடாதீங்க. உக்காந்து பேசுங்க. புத்தகமெல்லாம் நூலகத்துல கேளுங்க.

எனக்கு சுருக்குன்னு கோவம் வந்தது வேற இடத்துல. மனுஷன் காலே படாத இடமா? 11 வருஷமா பிஸ்மார்க்ல இருக்கீங்க, அங்கிருந்து ஒரு மணி நேரம் வடக்க போனா நைஃப் ஆறு மிசூரியில கலக்குற இடம், ஹிடாட்ஸாங்கிற பூர்வகுடி ஜனங்க வாழ்ந்த ஊருங்க, மண்வீடு இருந்த ஒவ்வொரு இடமும் இன்னைக்கும் வட்டமா தாம்பாளம் பதிஞ்ச மாதிரி புல்லுக்குள்ள தெரியும், ஒரு ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதா? அந்தப் பொம்பளைங்க ஆள் உயரத்துக்கு மேல குழி வெட்டி உள்ள புல்லை விரிச்சு மக்காச்சோளத்தையும், அரிஞ்சு காயவச்ச பூசணியையும் அடுக்கி மூடி வைப்பாங்க. நம்ம ஊர் குதிர் மாதிரிதான், என்ன, பூமிக்குள்ள. எதுக்கு? குளிருக்கு. 1864 ஜூலைல அமெரிக்க ராணுவத்து ஜெனரல் சல்லியோட பட்டாளம் கில்டீர் மலைகிட்ட லக்கோட்டா, டகோட்டா பூர்வகுடி ஜனங்களோட முகாமை அடிச்சுக் கலைச்சுது. கலைச்சதோட விட்டாங்களா? ஜனங்க ஓடிப்போனப்புறம் கூடாரங்களையும், காயவச்சிருந்த காட்டெருமைக் கறியையும் மறுநாள் உக்காந்து கொளுத்தினாங்க. குளிர்காலத்துக்கு வச்சதைக் கொளுத்திட்டா அதுக்கு மேல துப்பாக்கிக்கு வேலை இல்லைன்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க.

இதைத்தான் சொல்ல வரேன். அந்த மண்ணுல கதையெல்லாம் துப்பாக்கியில இல்ல தம்பி, சேத்து வச்சதுல இருக்கு. வைக்கோல் போர்ல இருக்கு. நீங்க ஒரு வார்த்தை அதைப் பத்திக் கேக்கல.

உங்க ரூஸ்வெல்ட்டையே எடுத்துக்குங்க. 1883ல காட்டெருமை சுட வந்தாரு, மாடு வாங்கிப் போட்டாரு. 1884 பிப்ரவரி 14, ஒரே நாள்ல ஒரே வீட்டுல பொண்டாட்டியும் அம்மாவும் செத்துப் போனாங்க. அந்தத் துக்கத்தோட மறுபடி இங்க வந்து, கொம்பு சிக்கிச் செத்த ரெண்டு எல்க்கோட மண்டையோடு கிடந்த இடத்துல வீட்டைக் கட்டி எல்க்ஹார்ன், அதான் எல்க் கொம்புன்னு பேர் வச்சாரு. அந்தத் துக்கத்துக்கு நான் கையெடுத்துக் கும்பிடறேன். ஆனா சுதந்திரக் கௌபாய்னு சொல்றீங்களே, 1886 டிசம்பர்ல அவர் எங்க இருந்தாருன்னு தெரியுமா? லண்டன்ல ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கிட்டு ஐரோப்பாவுல தேனிலவுல இருந்தாரு. மாடுங்க இங்க செத்துச்சுங்க.

எப்படிச் செத்துச்சுன்னு சொல்லியே ஆகணும். அப்பல்லாம் வேலி கிடையாது, யாரும் புல் அறுத்து சேத்து வைக்கிறதும் இல்ல, மாடு தானா மேஞ்சு தானா குளிரைத் தாண்டி வசந்தத்துல தானா வந்து நிக்கும், நாம பிடிச்சு ரயில்ல ஏத்தி வித்தா போதும்னு கிழக்குலருந்தும் பிரிட்டன்லருந்தும் பணத்தைக் கொட்டினாங்க. 1886 கோடையில மழை இல்ல, மண்ணு தாங்குறதைவிட மாடு அதிகம், புல்லு தரையோட போச்சு. நவம்பர்லயே பனி. நடுவுல கொஞ்சம் உருகி மறுபடி உறைஞ்சதுல புல்லுக்கு மேல கண்ணாடி போட்ட மாதிரி ஐஸ். காட்டெருமை தலையால பனியைத் தள்ளித் தின்னும், குதிரை குளம்பால கெல்லித் தின்னும், மாட்டுக்கு அது தெரியாது, மூக்கால முட்டும், மூக்குத் தோல் கிழிஞ்சு ரத்தம் வரும், அப்புறம் காத்து தள்ற திசையில நடந்துகிட்டே போய் ஏதாவது ஓடைப் பள்ளத்துல கும்பலா நின்னு அப்படியே சாகும். வசந்தத்துல லிட்டில் மிசூரி ஆத்துல ஐஸ் உடைஞ்சப்போ அதோட சேர்ந்து மாட்டுப் பிணமா மிதந்து வந்துச்சு.

பக்கத்து மொன்டானாவுல அதே குளிர்ல ஒரு முதலாளி, மாடெல்லாம் எப்படி இருக்குன்னு பண்ணைக்குக் கடிதம் போட்டாரு. பதில் எழுத உக்காந்தவர் பக்கத்துல சார்லி ரஸ்ஸல்னு ஒரு மாட்டுக்காரப் பையன். போஸ்ட் கார்டு சைஸ் அட்டையில எலும்பும் தோலுமா பனியில நிக்கிற ஒத்த மாட்டை வரைஞ்சு நீட்டினான், சுத்தி ஓநாய் காத்திருக்கு. அந்த அட்டைதான் முதலாளிக்குப் போச்சு. கடிதத்துக்குப் பதில்னா அதுதான் தம்பி, நான்லாம் என்னத்தை எழுதறேன்.

அதுக்கப்புறம்தான் அந்தப் பக்கத்துல புல் அறுக்கிறது, கட்டறது, அடுக்கறது எல்லாம் பிழைப்போட மையத்துக்கு வந்துச்சு. நான் தங்கின வீட்டுப் பெரியவர் தினம் சாயங்காலம் பிக்கப்பை எடுத்துக்கிட்டு பேல், அதான் வைக்கோல் கட்டு, எண்ணப் போவாரு. நேத்து எண்ணினதையே இன்னைக்கும் எண்ணுவாரு. வைக்கோல்னு சொல்றேனே தவிர அது புல்லும் குதிரைமசாலும் கலந்து காயவச்சு உருளையா சுருட்டினது, ஒரு உருளை அரை டன்னுக்கு மேல. ஒரு மாடு அந்தக் குளிரைத் தாண்ட ரெண்டு டன்னாவது வேணும், அவர்கிட்ட 300 மாடு, கணக்குப் போட்டுக்குங்க. எங்க அப்பாரு காங்கேயத்துல சோளத்தட்டுப் போரைச் சுத்தி வந்து கையால தட்டித் தட்டிப் பாப்பாரு, அதே நடை, அதே மூஞ்சி. எங்க ஊர்ல பொண்ணு குடுக்க வர்றவங்க வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி போரைத்தான் பாப்பாங்க.

மூணாவது நாள் ராத்திரி எல்க் கத்துச்சு. நம்ம மிளாவுக்குப் பெரியப்பா மகன் மாதிரி, கடா 300 கிலோ தாண்டும், அவ்வளவு பெரிய உடம்புலருந்து துருப்பிடிச்ச கேட்டைத் திறக்கிற மாதிரி கிறீச்னு மேல மேல ஏறுது, கடைசில ரெண்டு உறுமல். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு, கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. பெரியவர் உள்பனியனோட வெளிய வந்து வாய்க்கு வந்தபடி திட்டறாரு. குளிர்ல கூட்டமா வந்து போரை மேயும், தின்னறது பாதி, மிதிச்சு மூத்திரம் விட்டுப் பாழாக்கறது பாதி, முள்கம்பி வேலியைத் தாண்டும்போது கம்பியையும் பிச்சுட்டுப் போகும்.

இதுல வேடிக்கை என்னன்னா, அதுங்க அந்த மண்ணோட சொந்தக்காரங்க. இன்னைக்கு எல்க்னா மலைக்காட்டு மிருகம்னு நினைக்கிறோம், அதெல்லாம் துரத்திவிட்டதுல வந்தது, ஆதியில புல்வெளியெல்லாம் அதுதான் மேஞ்சிருக்கு. சுட்டுச் சுட்டு அங்க ஒண்ணுகூட இல்லாம போயி, 1985ல தெக்கு டகோட்டாவுல விண்ட் கேவ் பூங்காவுலருந்து 47ஐ லாரியில கொண்டுவந்து ரூஸ்வெல்ட் பேர்ல இருக்கிற தேசியப் பூங்காவுல விட்டாங்க. அது பெருகிப் பெருகி, 2010லருந்து தன்னார்வலர்களைக் கூப்பிட்டு பூங்காவுக்குள்ளயே சுட்டுக் குறைக்க வேண்டியதாப் போச்சு. ஆக நீங்க பாக்கப் போற எல்க் அந்த 47ல ஏதோ ஒண்ணோட பேரன் பேத்தியா இருக்கலாம். காட்டு மிருகம்தான், ஆனா அதுக்குப் பின்னாடி லாரியும் கணக்கும் அரசாங்க ஃபைலும் இருக்கு.

போகலாமா வேண்டாமான்னுதானே கேட்டீங்க, மறந்தே போச்சு. அந்த ஸ்டேட்ல எல்க் லைசென்ஸ் உள்ளூர்க்காரனுக்கு வாழ்நாள்ல ஒரே ஒரு தடவைதான், கிடைக்காமலே செத்தவன் எத்தனை பேரோ, அதைக் கையில வச்சுக்கிட்டு எனக்குக் கடிதம் எழுதிக்கிட்டிருக்கீங்க. சுடறதும் சுடாததும் அங்க போயி முடிவு பண்ணிக்குங்க. சுட்டா கறியில ஒரு துண்டு வீணாகக் கூடாது, 100 கிலோவுக்கு மேல தேறும், முதுகுல சுமந்து மேடேறணும், அப்பத் தெரியும் சுதந்திரம் என்ன கனம்னு.

மழை பெஞ்சா அன்னைக்கு வண்டியை எடுக்காதீங்க. அந்த மண்ணை கம்போன்னு சொல்வாங்க, நனைஞ்சா களிம்பு மாதிரி சக்கரத்தைச் சுத்திக்கும், நான் அஞ்சு மணி நேரம் மாட்டிக்கிட்டு நின்னிருக்கேன். கேட்டு திறந்திருந்தா திறந்தே விடுங்க, மூடியிருந்தா தாண்டினதும் மூடிடுங்க, இதுல தப்புப் பண்ணினா அந்த மாமா அடுத்த தடவை உள்ள விடமாட்டாரு. முடிஞ்சா ஒரு நாள் முன்னாடியே போயி வேலியோ பேலோ, அவருக்கு ஒரு கை பிடிங்க. எல்க் எங்க இருக்குன்னு எடுத்தவுடனே கேக்காதீங்க. இந்தக் குளிருக்கு எத்தனை பேல் சேத்து வச்சிருக்கீங்கன்னு கேளுங்க, அவர் சொல்ற நம்பரை எனக்கு எழுதுங்க.