சுவரில் மாட்டும் நவீன ஓவியத்தில் ரேக்கு (மிக மெல்லிய உலோகத் தாள்) ஒட்டுவது வீண் வேலையா? தங்க நிறப் பெயிண்ட் போதாதா?

பாட்டிலில் வரும் தங்கப் பெயிண்டைப் பூசி, அது காய்ந்ததும் மங்கிய மஞ்சளாகிப்போன பிறகுதான் இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். போதாது. பெயிண்டில் இருப்பது பசையில் கலந்த துகள், வெளிச்சத்தைச் சிதறடித்துவிடும். ரேக்கு ஒரே உலோகப் பரப்பு. நீங்கள் அறையில் நடக்க நடக்க ஒரு பக்கம் இருண்டு மறுபக்கம் பளீரென்று எரியும்.

ஆனால் சரியாகச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடங்களுக்கு முன்பு தெரிந்தவர் ஒருவர் வீட்டு வரவேற்பறைக்கு 4 அடிக்கு 3 அடி பலகையில் ஒரு படம் செய்தேன். அசல் தங்கம் கட்டுப்படியாகாது என்று முதலிலேயே பேசி, பித்தளை ரேக்கு (செம்பும் துத்தநாகமும்தான்) என்று முடிவானது. அசல் தங்க ரேக்கின் கனம் சுமார் 0.1 மைக்ரான், மூச்சுக் காற்றுக்கே சுருண்டுவிடும். பித்தளை அவ்வளவு மெல்லியதல்ல, கையால் எடுக்கலாம். நானும் வெறும் கையால்தான் எடுத்தேன். ஒட்டி முடித்துச் சில வாரம் அப்படியே வைத்திருந்து, பிறகு முன்பக்கம் மட்டும் லேசாக வார்னிஷ் அடித்துக் கொடுத்தேன். எட்டே மாதத்தில் ஓரமெல்லாம் பச்சை பூத்துவிட்டது, நடுவில் என் கட்டைவிரல் ரேகை பழுப்பு நிறத்தில் தெளிவாகத் தெரிந்தது. வியர்வையில் இருக்கும் உப்பு செய்த வேலை. "தங்கம் இப்படிக் கறுக்குமா?" என்று அவர் கேட்டது இன்னும் மனதில் நிற்கிறது. பித்தளை என்று சொல்லித்தான் கொடுத்தேன், ஆனாலும் ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்துவிட்டார்.

திரும்ப வாங்கிவந்து முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி செய்தேன். அடியில் அடர் சிவப்பு, ரேக்கு விரிசல் விடும் இடத்தில் அது எட்டிப் பார்த்தால் நிறம் சூடாகத் தெரியும். அதன்மேல் எண்ணெய்ப் பசை. இதில் அவசரப்பட்டால் ரேக்கு பசையில் மூழ்கி ஒளி செத்துவிடும், விரல் முட்டியால் தொட்டால் ஈரம் ஒட்டாமல் கீச்சென்று லேசாக இழுக்க வேண்டும், அதுதான் பதம். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டேன். பசை நன்றாக இறுகியதும் உதிரிகளை மென்தூரிகையால் துடைத்து, ஓரங்களையும் சேர்த்து ஷெல்லாக் (அரக்குப் பூச்சு), அப்புறம் வார்னிஷ். இன்றுவரை மாறாமல் அதே சுவரில் இருக்கிறது.

பித்தளையும் தங்கமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள். 23, 24 காரட் ரேக்கு கறுக்காது, வீட்டுக்குள் மாட்டும் படத்துக்கு வார்னிஷ்கூட வேண்டாம், அடித்தால் பளபளப்புதான் குறையும். செம்மண் பூச்சின்மேல் ஒட்டி அகேட் என்ற வழவழப்பான கடினக் கல்லால் தேய்க்கும் பழைய முறைக்கு இணையான மினுக்கு எதிலும் வராது, ஆனால் அதன் அடிப்பூச்சு வளைந்தால் வெடிக்கும், கேன்வாஸில் முயலாதீர்கள். வெள்ளி நிறம் வேண்டுமென்றால் அலுமினிய ரேக்கு போதும், வெள்ளியைப் போலக் கறுக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கண்காட்சிக்கு அனுப்பிய என் படத்தை ஓவியப் பிரிவில் சேர்க்காமல் கைவினைப் பிரிவில் வைத்துவிட்டார்கள், "ஒட்டியதுதானே, வரையவில்லையே" என்று காரணம் வேறு. 1907-08இல் ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட் வரைந்த 'முத்தம்' ஓவியத்திலும் தங்க ரேக்கு இருக்கிறது, அதை யாராவது கைவினை என்பார்களா?

சரி, நீங்கள் ஒரு சிறு பலகையில் பித்தளை ரேக்கை வைத்து ஆரம்பியுங்கள். அதற்கு முன் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.