சதுர அடி ரேட் குறைவாகச் சொல்லும் கான்ட்ராக்டரிடமே வீட்டு வேலையைக் கொடுக்கலாமா?

1,200 சதுர அடி வீட்டுக்கு மூன்று கொட்டேஷன் வாங்கிவிட்டீர்கள், ரேட் குறைந்தவரிடம் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். மூவரும் ஒரே அளவுக்குத்தான் ரேட் சொல்கிறார்களா என்று முதலில் பாருங்கள். ஒருவர் 2,300 ரூபாய் சொல்லி, 1,200 சதுர அடிக்கே கணக்குப் போட்டால் 27,60,000. இன்னொருவர் 2,150தான் சொல்வார். போர்டிகோ, சன்ஷேட், ஹெட்ரூம் (மாடிப்படிக்கு மேலே வரும் அறை) எல்லாவற்றையும் சேர்த்து 1,350 என்று அளந்தால் 29,02,500 ஆகிவிடும். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், ஜிஎஸ்டி இதில் அடங்குமா? அஸ்திவாரம் 5 அடி ஆழம் என்று போட்டிருக்கிறார்கள், கெட்டி மண் 7 அடியில்தான் வருகிறது என்றால் மீதி 2 அடிக்கு என்ன ரேட்? உங்கள் இன்ஜினியரிடம் வேலைவாரியாக ஒரு அளவுப் பட்டியல் போட்டு வாங்கி, அதே தாளை மூவரிடமும் கொடுத்து ரேட்டை மட்டும் நிரப்பச் சொல்லுங்கள். நிரப்ப மறுப்பவரை விட்டுவிடலாம்.

ஜிஎஸ்டி தளத்தில் கான்ட்ராக்டரின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டால் பதிவு நடப்பில் இருக்கிறதா, ரிட்டர்ன் ஒழுங்காகத் தாக்கல் ஆகிறதா என்று தெரியும். பல மாதமாகத் தாக்கல் இல்லையென்றால் பணத் தட்டுப்பாடா என்று விசாரியுங்கள்.

முடித்துக் கொடுத்த வீடுகளைக் காட்டுவார்கள். பெயின்ட் அடித்த வீட்டில் பார்க்க ஒன்றுமில்லை. இப்போது நடக்கும் சைட் ஒன்றுக்கு, ரூஃப் காங்கிரீட் போடுவதற்கு முந்தின நாள், சொல்லாமல் போங்கள். உண்மையான மதிப்பீடு அங்கேதான் நடக்கும். சென்ட்ரிங் பலகைமேல் குனிந்து கம்பிக்கு அடியில் பாருங்கள். ரூஃபுக்கு 20 மி.மீ., தூணுக்கு 40 மி.மீ. கவர் பிளாக் (கம்பி பலகையைத் தொடாமல் தள்ளி நிறுத்தும் சின்னக் கட்டை) இருக்க வேண்டும். அதற்குப் பதில் ஜல்லிக் கல்லைச் செருகியிருந்தால், ஆள் நடக்கும்போதே கல் நழுவிக் கம்பி பலகையில் படுத்துவிடும். சில வருடத்தில் துருப்பிடித்து, சீலிங் பெயர்ந்து விழுவது இதனால்தான். தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் நுனி 135 டிகிரி உள்ளே மடங்கியிருக்கிறதா? வெறும் எல் வளைவு என்றால் பாரம் ஏறும்போது ரிங் விரிந்துகொள்ளும். கான்ட்ராக்டர் இல்லாத நேரத்திலும் இவை சரியாக இருந்தால், கம்பி கட்டுபவர்களுக்குப் பழக்கமே அப்படி என்று அர்த்தம்.

காங்கிரீட் நாளிலும் கால் மணி நேரம் நின்று பாருங்கள். எம்20 என்ற தரத்துக் காங்கிரீட் கலவைக்கு 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு, மணலின் ஈரத்தையும் சேர்த்து 27 லிட்டர் தண்ணீருக்குமேல் போகக் கூடாது. அளவில்லாமல் வாளி வாளியாக ஊற்றினால் கலவை லேசாக ஓடும், பலம் போய்விடும். காங்கிரீட்டை அதிரவைத்துக் கெட்டிப்படுத்தும் வைப்ரேட்டர் ஓடுகிறதா, பலத்தைச் சோதிக்கக் காங்கிரீட் கட்டி வார்க்கும் 150 மி.மீ. க்யூப் அச்சு சைட்டில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்தக் கட்டிகளின் 28 நாள் சோதனை முடிவைக் காட்டத் தயங்காதவர் நல்ல கான்ட்ராக்டர்.

இரண்டு மூன்று வருடத்துக்கு முன் இவரிடம் வீடு கட்டியவர்களைத் தனியாகப் பாருங்கள். "எக்ஸ்ட்ரா பில் எவ்வளவு வந்தது, ஒழுகியபோது வந்தாரா" என்ற இரண்டு கேள்வி போதும்.

பிறகு பணம். அட்வான்ஸ் 10 சதவீதத்துக்குமேல் கேட்டால் யோசியுங்கள். அது வேறொரு சைட்டின் கடனை அடைக்கப் போய்விடலாம், உங்கள் வேலை பேஸ்மென்ட்டிலேயே நின்றுவிடலாம். ஒவ்வொரு தவணையும் முடிந்த வேலைக்கு மட்டும். கடைசி 5 சதவீதத்தை ஒரு வடகிழக்குப் பருவமழை தாண்டும் வரை நிறுத்திவையுங்கள். மொட்டை மாடி, பாத்ரூம், ஜன்னல் ஓரக் கசிவெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் சிமென்ட், கம்பி, ஒயர், குழாய்ப் பெயர்களுக்குப் பின்னால் "அல்லது அதற்கு இணையான" என்று இருந்தால் அடித்துவிட்டு, "உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தால் மட்டும்" என்று எழுதச் சொல்லுங்கள்.