ஆம்பளைங்களுக்கும் ஆஸ்டியோபோரோசிஸ் வருமா? எப்படி கண்டுபிடிக்கிறது, என்ன ட்ரீட்மென்ட்?

வரும், இந்த எலும்பு மெலியுற நோய் ஆம்பளைங்களையும் விடாது. எங்க அப்பாவுக்கு 67 வயசுல வந்துச்சு. பாத்ரூம்ல அரை பக்கெட் தண்ணிய தூக்க குனிஞ்சவரு அப்படியே நடுமுதுக புடிச்சிட்டு உக்காந்துட்டாரு, நாங்க புடிப்புன்னு நெனச்சு தைலம் தேச்சு ஒத்தடம் குடுத்து ஒரு மாசத்த ஓட்டிட்டோம், முதல்ல பாத்த டாக்டரும் வலி மாத்திரையோட அனுப்பிட்டாரு. அப்புறம் எக்ஸ்ரே எடுத்தா முதுகெலும்புல ஒண்ணு முன்பக்கமா நசுங்கி ஆப்பு மாதிரி இருக்கு. அப்பத்தான் அம்மா சொல்றாங்க, ரெண்டு வருஷமா சாமி படத்துக்கு பூ வைக்க எட்டாம ஸ்டூல் போட்டுக்குறாருன்னு! ஆளு உயரமே கொறஞ்சிருக்காரு, ஒருத்தரும் கவனிக்கல.

பேரு சொன்னா எல்லாரும் "எலும்பு தேய்மானமா"ன்னுதான் கேப்பாங்க. அது மூட்டு தேயுறது, இது எலும்பு உள்ளுக்குள்ள மெலிஞ்சு போறது, உடையுற வரைக்கும் வலியே இருக்காது. டெஸ்ட்டுக்கு பேரு டெக்ஸா ஸ்கேன், எலும்பு அடர்த்திய அளக்குறது, சும்மா படுத்தா போதும், இடுப்பையும் கீழ்முதுகையும் பாப்பாங்க. டி ஸ்கோர் (ஆரோக்கியமான இளவயசுக்காரங்களோட ஒப்பிட்டு நம்ம எலும்பு அடர்த்திக்கு குடுக்குற நம்பர்) -2.5 இல்ல அதுக்கும் கீழ போனா ஆஸ்டியோபோரோசிஸ். அப்பாவுக்கு -3.1. கேம்ப்ல குதிகால மெஷின்ல வச்சு பாக்குறாங்களே, அத வச்சு முடிவு பண்ணாதீங்க.

ஆம்பளைங்கன்னா காரணத்த தேடியே ஆகணும், நெறைய பேருக்கு பின்னாடி வேற ஏதாவது ஒண்ணு இருக்கும். குடி, சிகரெட், டெஸ்டோஸ்டிரோன்ங்குற ஆண் ஹார்மோன் கம்மி, தைராய்டு, பாராதைராய்டு சுரப்பிகள்ல கோளாறு, ப்ராஸ்டேட் கேன்சருக்கு போடுற ஹார்மோன் ஊசின்னு லிஸ்ட் பெருசு. அப்பாவுக்கு வீசிங். மூச்சு வாங்குறப்போல்லாம் மெடிக்கல்ல பழைய சீட்டக் காட்டி ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டுட்டே இருந்திருக்காரு, வருஷக்கணக்கா. இப்போ நுரையீரல் டாக்டர் அத கொறச்சு இன்ஹேலருக்கு மாத்திட்டாரு (தானா திடீர்னு நிறுத்திடாதீங்க, அது ஆபத்து).

ட்ரீட்மென்ட்ல மொதல்ல அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை, வாரம் ஒண்ணு. வெறும் வயித்துல ஒரு டம்ளர் தண்ணியோட முழுங்கிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காபி கூட கூடாது. அப்பா அந்த காபிக்காகவே சண்டை போட்டாரு, அதோட நெஞ்செரிச்சலும் வந்துருச்சு. அதனால வருஷத்துக்கு ஒரு தடவை நரம்புல ஏத்துற ஸோலெட்ரோனிக் ஆசிட் 5 மில்லிகிராமுக்கு மாத்துனாங்க, அதுக்கு முன்னாடி வைட்டமின் டி-ய ஏத்தி, ரத்தத்துல கால்சியமும், கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினினும் பாத்துக்கிட்டாங்க. மறுநாள் காய்ச்சல், உடம்பு வலின்னு படுத்துட்டாரு, பாராசிட்டமால்ல ரெண்டு நாள்ல சரியாச்சு. சிலருக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டெனோசுமாப் ஊசி போடுவாங்க, அத மட்டும் டாக்டர கேக்காம தள்ளிப்போடவோ நிறுத்தவோ கூடாது, நிறுத்துனா முதுகெலும்பு வரிசையா நசுங்க வாய்ப்பிருக்கு. அப்புறம் பல்லு புடுங்குற வேலை ஏதாவது இருந்தா இந்த மருந்தெல்லாம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிச்சிருங்க, தாடை எலும்பு ஆறாம போற பிரச்சினை அபூர்வமா வரும்.